நயாகராவுக்கு எத்தனை தடவையும் போவேன், டைம்ஸ் ஸ்கொயருக்கு இனி வேண்டாம்

நியூஜெர்ஸியில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவது எங்கள் பொறுப்பு. அப்பா அம்மா, மாமனார் மாமியார், சித்தி குடும்பம் என்று கோடைதோறும் யாராவது வருவார்கள். முதல் தடவை பார்க்கும்போது எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். விருந்தாளிகளோடு மறுபடி மறுபடி போகும்போதும் காரை விட்டு இறங்கி நாமும் பார்க்க ஆசைப்படுகிறோமா என்பதை வைத்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கணக்கில் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் தேறாது. விளம்பர வெளிச்சத்தை இரவில் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். கார்ட்டூன் வேஷம் போட்டவர்கள் குழந்தையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டோவுக்கு நின்றுவிட்டு டிப்ஸ் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இதில் பதறிப்போகிறார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாலிவுட் நட்சத்திர நடைபாதையும் இப்படித்தான். தெரிந்த பெயரைத் தேடிக் குனிந்தே நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் டி-ஷர்ட் கடைகள். அந்த நேரத்தைச் சேமித்து கிரிஃபித் வானாய்வகத்துக்குப் போங்கள். 1935-இல் திறந்த நாளிலிருந்து உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வானம் தெளிவாக இருந்தால் இரவில் பெரிய தொலைநோக்கியிலும் இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

நயாகராவுக்கு வருகிறேன். கனடா பக்கம்தான் அழகு, அமெரிக்கப் பக்கம் சுமார் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. அருவி முழுவதையும் ஒரே போட்டோவில் பிடிக்க வேண்டுமானால் கனடாதான். இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசிட்டர் விசாவோடு வந்தவர்கள் அங்கே போகத் தனியாகக் கனடா விசா வேண்டும், கனடாவுக்குப் போகும் பாலம் பக்கத்திலேயே தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள். ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்க அமெரிக்கக் கரைக்கு ஈடில்லை. அமெரிக்கப் பக்கத்துத் தீவான கோட் ஐலண்டில் டெர்ராபின் பாயின்ட் என்ற இடத்தில், நயாகராவின் பெரிய அருவியான ஹார்ஸ்ஷூ விழும் விளிம்புக்கு ஒட்டியே கம்பித் தடுப்பு இருக்கிறது. விளிம்பைத் தாண்டும் இடத்தில் தண்ணீர் கெட்டியான பச்சைக் கண்ணாடி மாதிரி வளைகிறது, அதற்குக் கீழேதான் வெள்ளையாக உடைகிறது. வெயில் இருந்தால் காலையில் போங்கள், வானவில் அந்தப் பக்கத்திலிருந்து அப்போதுதான் தெரியும்.

அப்பா டெல்டா விவசாயி. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இது எத்தனை கன அடிப்பா வரும்?” என்பதுதான். அதற்குத் துல்லியமான பதிலே இருக்கிறது. 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தில் பகலில் விநாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும். மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். மேட்டூர் நீர்வரத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கிற மனிதர், இரண்டு நாடுகள் ஒரு ஆற்றை இப்படிப் பங்கு போட்டுக்கொள்வதைக் கேட்டு அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டு வந்தார்.

அமெரிக்கக் கரையில் இருக்கும் நயாகரா மாநிலப் பூங்காவை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்கக் கரை முழுக்கத் தனியார் கையில் இருந்தது, அருவியைப் பார்க்கவே காசு வாங்கினார்கள். அதை எதிர்த்து இயக்கம் நடத்தி, 1885-இல் நியூயார்க் மாநிலம் நிலத்தை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட் அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர். இன்றும் பூங்காவுக்குள் நடந்து போகக் கட்டணம் இல்லை, பார்க்கிங்குக்கு மட்டும்தான். படகுக்கும், லிஃப்டில் கீழே இறங்கி அருவியின் அடிவாரத்துக்கு நடந்து போகும் ‘கேவ் ஆஃப் த விண்ட்ஸ்’ மரப் படிகளுக்கும் தனி டிக்கெட். ஒன்றுக்குத்தான் காசு என்றால் மரப் படிகளைத் தேர்ந்தெடுங்கள். செருப்பும் மழைக்கோட்டும் தருவார்கள். பனி உடைத்துவிடும் என்பதால் அந்த மேடைகளை இலையுதிர்காலத்தில் கழற்றி, வசந்தத்தில் மறுபடி கட்டுகிறார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் கீழ் மேடையோடு நின்றாலே முழுக்க நனைந்துவிடலாம்.

அரிசோனாவில் கொலராடோ ஆறு அறுத்த பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனில் எந்தக் கரை என்பதுதான் கேள்வி. லாஸ் வேகஸில் ஒரு டூர் கம்பெனி எங்கள் சித்தி குடும்பத்தைக் காலையில் கூட்டிப்போய் மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. அவர்கள் பார்த்தது ‘வெஸ்ட்’ பகுதி, கண்ணாடித் தளம் இருக்கும் இடம். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் சொந்த நிலம், தேசியப் பூங்காவில் சேராது. அந்த மக்களுக்கு வருமானம் போகிறது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கேன்யனின் முழு அகலத்தையும் பார்க்க வேண்டுமானால் தெற்குக் கரை என்ற சவுத் ரிம்முக்குப் போக வேண்டும். வேகஸிலிருந்து நாலரை மணி நேரமாவது ஆகும், அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம், குளிர்காலத்தில் பனி பெய்யும்.

அங்கே பெரும்பாலானோர் கவனிக்காமல் தாண்டுவது ‘டிரெயில் ஆஃப் டைம்’ நடைபாதை. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்கு. அந்தந்த வயதில் அந்தந்தப் பாறைத் துண்டை வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். கேன்யனின் அடியில் ஆற்றோரம் இருக்கும் கருத்த பாறைக்கு விஷ்ணு ஸ்கிஸ்ட் என்று பெயர், வயது 170 கோடி ஆண்டுகளுக்கு மேல். அங்குள்ள சிகரங்களிலும் விஷ்ணு, பிரம்மா, சிவன் பெயரில் ஒவ்வொன்று உண்டு. அம்மா அந்தக் கல்லில் கையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பாதை சமதளம், சக்கர நாற்காலியும் போகும். ஆறு எல்லா இடத்திலிருந்தும் தெரியாது, அதற்கு டெசர்ட் வியூவுக்கோ ஹோப்பி பாயின்டுக்கோ போங்கள்.

சுதந்திர தேவி சிலையை ஒரு தடவை பார்த்தால் போதும். ஸ்டேட்டன் ஐலண்ட் இலவசப் படகிலிருந்தே நன்றாகத் தெரியும். டிக்கெட் எடுத்துப் போவதானால் நியூஜெர்ஸி லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்து ஏறுங்கள், கூட்டம் குறைவு. அதே டிக்கெட்டில் எல்லிஸ் தீவும் சேரும். அங்கே அரை நாளாவது ஒதுக்குங்கள். 1892 முதல் 1954 வரை சுமார் 1.2 கோடிப் பேர் அமெரிக்காவில் குடியேற அந்த வழியாக வந்திருக்கிறார்கள். படியேறும்போதே யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று டாக்டர்கள் கவனித்து, அவர்கள் போட்டிருக்கும் கோட்டின் மேல் சாக்பீஸால் குறி போடுவார்களாம். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்குக் கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும். விசா வரிசையில் நின்ற யாருக்கும் அந்தக் கூடத்தில் தொண்டை அடைக்கும்.

செலவு பற்றி ஒன்று. 2026 ஜனவரியிலிருந்து தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. பாஸ் இல்லாத வெளிநாட்டவர் கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அப்பா அம்மாவோடு போகிறவர்கள் கிளம்பும் முன் பூங்காத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நயாகரா மாநிலப் பூங்கா என்பதால் அதற்கு இந்தக் கட்டணம் பொருந்தாது.