வரியின் ஓரத்திலேயே விவாதம்: வகுப்பறையில் ஹைப்போதிசிஸ்

தமிழ்வழியில் இளங்கலை வரலாறு பயிலும் மாணவர்களுடன் இரண்டு பருவங்களாக ஹைப்போதிசிஸ் என்னும் ஓரக்குறிப்புக் கருவியைப் பயன்படுத்தி வருகிறேன். இணையப் பக்கத்திலோ பிடிஎஃப் கோப்பிலோ உள்ள ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நேராகக் குறிப்பு எழுதவும் மற்றவர் எழுதிய குறிப்புக்கு மறுமொழி சொல்லவும் இதில் முடியும். 2011-இல் தொடங்கப்பட்ட திட்டம் இது, மென்பொருள் திறமூலமானது. ஆசிரியர் ஒருவர் தாமே கணக்குத் தொடங்கி வகுப்புக்கென்று தனிக்குழு அமைத்துக்கொள்ளக் கட்டணம் இல்லை. கல்லூரியின் கற்றல் தளத்தோடு இணைத்து மதிப்பெண் வரை கொண்டுபோக விரும்பினால்தான் நிறுவனம் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு முன் ஓராண்டு வேறொரு விவாதப் பலகையை வைத்திருந்தோம். வாரம் ஒரு கேள்வியை நான் இடுவேன், நாற்பது பேர் பதில் எழுதுவார்கள். முதலில் எழுதிய மூவர் சொன்னதையே மற்றவர்கள் சொல் மாற்றி எழுதியிருப்பார்கள். அதன் கீழே 'நல்ல கருத்து' என்று பத்து மறுமொழிகள் வந்திருக்கும். மாணவர்களிடம் அக்கறை இல்லை என்று அப்போது எண்ணினேன். அது சரியான கணிப்பு அல்ல என்பது பிறகு விளங்கியது. கேள்வி ஓரிடத்திலும் பாடம் வேறிடத்திலும் இருந்ததால், பாடத்தைத் திறக்காமலேயே பதில் எழுத முடிந்தது என்பதே உண்மையான கோளாறு.

ஓரக்குறிப்பில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (பொ.ஆ. 919, 921) பாடமாக வைத்தபோது இதை நேரில் கண்டேன். ஊர்ச் சபையின் வாரியத்துக்கு, அதாவது செயற்குழுவுக்கு, தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளைச் சொல்லும் பகுதியில், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் 'இறைநிலம்' உடையவராக இருக்க வேண்டும் என்று வருகிறது. ஒரு மாணவி அந்தச் சொல்லைக் குறித்து, "இது கோயில் நிலமா?" என்று எழுதினார். இறை என்றால் வரி, ஆகவே வரி செலுத்தும் நிலம் என்று இன்னொருவர் அகராதியைப் பார்த்து விடை சொன்னார். "அப்படியானால் நிலமில்லாதவர் பெயர் குடவோலையில் ஏறவே முடியாதா?" என்று மூன்றாமவர் கேட்க, சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும் என்ற அடுத்த வரிகளை மற்றொருவர் சுட்டிக்காட்டினார். இது பிராமணர் குடியிருப்பான சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதும், 'குடும்பு' என்பது குடும்பம் அன்று, ஊரின் பிரிவு என்பதும் அந்த இழையிலேயே தெளிவாயின. நம் பழைய மக்களாட்சிக்குச் சான்று என்று ஒரே வரியில் கடந்துபோகும் கல்வெட்டை, யாருக்கு அந்த ஆட்சியில் இடம் இருந்தது என்று கேட்டு அவர்களே படித்தார்கள். நான் இடையில் எழுதியது ஒரே ஒரு மறுமொழிதான். சொல்லுக்குச் சொல் நின்று பொருள் காணும் உரை மரபில் வந்த நமக்கு இந்த முறை இயல்பாகவே பொருந்துகிறது என்று நம்புகிறேன்.

தமிழில் பயன்படுத்த எண்ணும் ஆசிரியர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கோப்பின் எழுத்துருவை. நம்மிடையே புழங்கும் பழைய பிடிஎஃப்களில் பல ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், சொல்லைத் தேர்ந்தெடுத்தால் குறிப்புப் பெட்டியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். ஒருங்குறிக் கோப்புகளிலும்கூட, பிடிஎஃப் ஆக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, 'கொடை' என்பது 'ெகாைட' என்று கொம்பு முன்னே விழுந்து நிற்பதுண்டு. வெறும் படமாக வருடப்பட்ட பக்கங்களிலோ சொல்லைத் தொடவே முடியாது. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் இட்டு எடுத்த பின்னரே அவை பயன்படும். இவை கருவியின் குறைகள் அல்ல, நம் கோப்புகளின் குறைகள். நான் கல்வெட்டுப் பாடத்தை ஒருங்குறியில் தட்டச்சு செய்து எளிய இணையப் பக்கமாக ஏற்றினேன். இரண்டு மாலைப் பொழுது செலவானது. அதன் பிறகு ஒரு சிக்கலும் எழவில்லை.

ஏற்றிய பாடத்தைப் பிறகு திருத்தாமல் இருப்பதும் நல்லது. தேர்ந்தெடுத்த சொல்லையும் அதன் முன்பின் உள்ள சில எழுத்துகளையும் வைத்தே குறிப்பு தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. சிறு மாற்றங்களைத் தாங்கிக்கொள்ளும். வரியையே மாற்றிவிட்டால் குறிப்பு அழியாது, ஆனால் இடமிழந்து தனிப் பட்டியலுக்குப் போய்விடும்.

ஹைப்போதிசிஸை குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ள உதவும் நீட்சி கணினிக்கானது. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது கைப்பேசி மட்டுமே. பக்கத்தின் முகவரியை 'வயா' என்ற இடைத்தளத்தின் வழியாகத் திறந்தால் கைப்பேசியிலும் குறிப்பு எழுதலாம், ஆனால் சிறிய திரையில் குறிப்புப் பலகை பாடத்தை மறைத்துக்கொள்ளும். எனவே நீண்ட பாடங்களைத் தவிர்த்து, ஒருமுறைக்கு ஒன்றரைப் பக்கம் என்று வரையறுத்துக்கொண்டோம். இடைமுகம் ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் வகுப்பில் ஒவ்வொரு பொத்தானையும் காட்டித்தான் தொடங்க வேண்டியிருந்தது.

எழுதும் முன் மேலே உள்ள பட்டியலில் வகுப்பின் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மாணவர் மனத்தில் அழுத்தமாகப் பதிய வைக்க வேண்டும். 'பொது' என்றிருக்கும் நிலையில் வெளியிட்டால் உலகமே படிக்கும். எங்கள் வகுப்பில் முதல் வாரம் நான்கு குறிப்புகள் அப்படிப் போயின. நான் முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும். ஒரு மாணவர் தம் ஐயம் பிறர் கண்ணில் பட்டதே என்று மிகவும் வருந்தினார். அவரவரே தம் குறிப்பை அழித்துவிட முடிந்ததால் சிக்கல் தீர்ந்தது.

விவாதப் பலகையை நான் முழுதாகக் கைவிடவில்லை. தேர்வுத் தேதி, களப்பயண ஏற்பாடு, இரண்டு பாடங்களை ஒப்பிடும் கேள்வி போன்று எந்த ஒரு வரியிலும் நிற்காத பேச்சுக்கு அதுதான் ஏற்றது. மூலப் பாடத்தை ஊன்றிப் படிக்க வைக்க விரும்பும் ஆசிரியருக்கு ஹைப்போதிசிஸைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பாடத்தை ஒருங்குறியில் ஆயத்தம் செய்யும் பொறுமையும், மாணவர் குறிப்புகளை வாரம் ஒருமுறையேனும் முழுதாகப் படிக்கும் நேரமும் அவருக்கு இருக்க வேண்டும்.