குழந்தைப் பருவ இன்னல்களும் மூளை வளர்ச்சியும்: ஓர் இணையவழிப் பயிற்சி பற்றிய மதிப்பீடு

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் குழந்தைநலப் பணியாளர்களுக்குமான ஆறு வார இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். இளம் வயதில் நேரும் புறக்கணிப்பும் வன்முறையும் வறுமையும் மூளையை எவ்வாறு மாற்றுகின்றன, அந்த அறிவைக் கொண்டு அரசுகள் என்ன செய்யலாம் என்பதே அதன் பொருள். முதல் மூன்று வாரங்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பிற்பகுதியோடு எனக்குக் கடும் கருத்து வேறுபாடு உண்டு.

மூளை பற்றிய பாடங்கள் தெளிவானவை. அச்சத்தில் கார்டிசால் என்னும் மனஅழுத்த இயக்குநீர் சுரப்பதும் ஆபத்து நீங்கியதும் அது தணிவதும் இயல்பே; அணைத்துத் தேற்ற ஒருவரும் இல்லாத குழந்தைக்கு அந்நிலை தணியாமல் நீளும்போதுதான் அச்சத்தை உணரும் அமிக்டலாவும், நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸும், தன்னடக்கத்துக்கு வேண்டிய முன்மூளைப் பகுதியும் பாதிப்புக்குள்ளாகின்றன என்பதைப் பயிற்றுநர் பொறுமையாக விளக்குகிறார். சிறு ஓசைக்கும் திடுக்கிடும் மாணவி ஒருத்தியைக் கவனமில்லாதவள் என்று நான் குறித்துவைத்தது நினைவுக்கு வந்து வருந்தினேன். அவள் கவனமெல்லாம் வாசற்கதவின் மீதே இருந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் உச்சம் மூன்றாம் வாரம். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் காப்பகங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்ட ஆய்வு அங்கே விரிவாகப் பேசப்படுகிறது. ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளிடம் பாசப்பிணைப்பும் மூளையின் மின்னியக்கமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. மீதிப் பாதியைக் காப்பகத்திலேயே விட்டது அறமா என்ற கேள்வியையும் பயிற்றுநர் தவிர்க்கவில்லை. அவர்களைப் பின்னர் குடும்பங்களுக்கு மாற்றுவதை ஆய்வாளர்கள் தடுக்கவில்லை என்பதையும் சொல்கிறார். கடும் ஊனமுற்றோர் தவிர, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளைக் காப்பகங்களில் சேர்க்கக்கூடாது என 2004இல் ருமேனியா சட்டம் இயற்றியது. அறிவியலும் கொள்கையும் இவ்வளவு அருகில் நிற்கும் எடுத்துக்காட்டு அரிது.

நான்காம் வாரம் ஏமாற்றியது. 1998இல் அமெரிக்க மருத்துவர்களான ஃபெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவ இன்னல்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பிற்கால நோய்களும் கூடுவதைப் பெருந்தொகையான மக்களிடம் காட்டியது. பயிற்சியோ, ஒரு பயிற்சித்தாளில் ஒவ்வொருவரும் தாம் சந்தித்த இன்னல்களை எண்ணித் தம் மதிப்பெண்ணைக் கணக்கிட்டுத் தமக்கு வரவிருக்கும் நோய்களை ஊகிக்கச் சொல்கிறது. ஒரு தனிமனிதரின் வருங்காலத்தை அந்த எண்ணால் கணிக்க முடியாது என்று ஆண்டாவே 2020இல் சகாக்களுடன் எழுதி எச்சரித்திருக்கிறார். இன்னலைக் கடந்து வந்த ஆசிரியர் ஒருவர் அந்த மதிப்பெண்ணைத் தனியே பார்த்தால் என்ன ஆவார் என்று எண்ணியிருக்க வேண்டாமா?

கொள்கைப் பாடத்திலும் ஒரு குறை. அமெரிக்காவில் 2018இல் தொடங்கிய ஆய்வில், ஏழைத் தாய்மார்களில் ஒரு பிரிவினருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் வழங்கப்பட்டன. அவர்களின் குழந்தைகளிடம் ஒரு வயதில் மூளை அலைகளில் வேறுபாடு தெரிந்ததாக 2022இல் வந்த முடிவோடு பாடம் நின்றுவிடுகிறது. நான்கு வயதில் முதன்மை அளவீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்ற பிந்தைய முடிவு அதில் இல்லை. பணஉதவி பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. ஏழைக் குடும்பத்துக்குக் கைகொடுக்க மூளை அலைதான் சான்றாக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் முழு உண்மையைக் கற்போரிடம் மறைக்கலாகாது.

காணொளிகளின் ஒலித்தரம் நன்று, தேர்வுகள் எளியவை. நான்காம் வாரப் பயிற்சித்தாளை நீக்குமாறு அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். மூன்றாம் வாரப் பாடத்தைச் சக ஆசிரியர்களுக்குத் திரையிட அனுமதியும் அதே மடலில் கேட்டிருக்கிறேன்.