மலையடிவாரத்துத் தேக்கு வெட்டும் குழு: வேலை எப்படி?

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பட்டா நிலங்களில் மரம் வெட்டித் தரும் குழு. வெட்டு சுத்தம். விழும் பக்கம் குறுக்களவில் கால்பங்கு ஆழம் வாய் வெட்டி, பின்பக்கம் அறுக்கையில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விடுகிறார்கள். அதையும் அறுத்தால் மரம் நினைத்த திசையில் சாயாது.

பொந்து மரத்தைத் தொடுவதில்லை, இதற்காகவே கூப்பிடலாம். பொந்து வாய் பூசி அடைபட்டு, நடுவே கீறல் மட்டும் இருந்தால் உள்ளே பெண் இருவாச்சி அடைகாக்கிறது. ஆண் அந்தக் கீறல் வழியாகத்தான் பழம் ஊட்டும். மரம் போனால் தாயும் குஞ்சும் சேர்ந்தே போகும்.

கரடி இறங்கும் பகுதி என்பதால் பொழுது சாயுமுன் வேலையை நிறுத்துவதும் சரி.

குறை ஒன்று: கழித்த கொப்புகளை ஓடையில் தள்ளுகிறார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் அடைத்துக் கரை அறுக்கும். அள்ளும் கூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள்.