வெந்நீர் ஊற்றுக்குச் சைக்கிளில்: மணிகரணா, பனாமிக்கா, சுமதாங்கா?

ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல். பெயரைக் கேட்டுவிட்டு, அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்த வெளியூர்க்காரர்கள் உண்டு. அருவி பாறையில் மோதித் தெறிக்கும் சாரலைத்தான் புகை என்கிறார்கள்; தண்ணீர் என்னவோ சில்லென்றுதான் இருக்கும். வெந்நீர் வேண்டுமென்றால் தருமபுரிக்காரன் ரயிலேறி வெகுதூரம் போக வேண்டும்; நான் போனது இமயமலைக்கு.

ஆனாலும் எந்த ஊற்றுச் சாலை நல்ல சாலை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒகேனக்கல்தான். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே ஆற்றங்கரைக்குப் போய்விடலாம். எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, மீன் வறுவலும் சோறுமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்பும்போதுதான் மலை கணக்குக் கேட்கும். குளித்த சுகமெல்லாம் முதல் இரண்டு வளைவிலேயே வியர்வையாக வடிந்துவிடும். ஏறிப் போய்க் குளிக்க வேண்டும், குளித்துவிட்டு இறங்க வேண்டும். சைக்கிள்காரனுக்கு அதுதான் முறையான குளியல்.

நானும் பென்னாகரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் மாமாவும் இரண்டு வருடங்களில் மூன்று ஊற்றுகளுக்கு மிதித்திருக்கிறோம். இமாசலப் பிரதேசத்தின் மணிகரண், லடாக்கின் பனாமிக், அதே லடாக்கில் சிந்து நதிக்கரையிலுள்ள சுமதாங். எங்கள் பகுதியிலிருந்து போக நினைப்பவர்கள் மூன்றில் எது என்று கேட்கிறார்கள். மாமா சொல்லும் பதில் வேறு, நான் சொல்வது வேறு.

தண்ணீரை மட்டும் பார்த்தால் மணிகரணுக்குப் போட்டியே இல்லை. பார்வதி ஆறு பனிக்குளிராக இரைந்து ஓட, அதன் கரையிலேயே நீர் கொதித்துக் கிளம்புகிறது. அங்குள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவின் சமையலுக்கு அந்தக் கொதிநீர் உதவுகிறது. யாத்ரீகர்கள் அரிசியையும் கொண்டைக்கடலையையும் துணியில் முடிந்து ஊற்றில் தொங்கவிட்டு வேக வைத்து எடுக்கிறார்கள். குளிக்கும் தொட்டிகளில் சூட்டைத் தணித்து விடுகிறார்கள். கால் வலிக்கு அதைவிட மருந்து நான் கண்டதில்லை. இமயமலையில் கனன்றுகொண்டிருக்கும் எரிமலை ஏதும் இல்லை. மழையும் பனியுருகிய நீரும் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி, வேறொரு பிளவு வழியே மேலே வந்துவிடுகின்றன. மூன்று ஊற்றுக்கும் இதே கதைதான்.

சாலைதான் மணிகரணின் குறை. கீழே பள்ளத்தாக்கிலிருக்கும் புந்தர் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர். ஏற்றம் மொத்தம் 650 மீட்டர் அளவில்தான். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்துப் பழகிய கால்களுக்கு இது பெரிய வேலையே அல்ல. ஆனால் குறுகிய சாலை, பஸ்கள், கசோலுக்குப் போகும் சுற்றுலாக் கார்களின் வரிசை. கசோலுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒரு காரின் புகைக்குழாய்க்குப் பின்னால் நின்றேன். தொலைதூர மலைப்பாதை என்று சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு அது தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் நிற்பதுபோலத்தான் இருந்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 2023 ஜூலை வெள்ளமும் நிலச்சரிவும் குல்லு மாவட்டச் சாலைகளை என்ன செய்தன என்பது தெரிந்ததே. மே அல்லது செப்டம்பர் கடைசி நல்லது.

பனாமிக் நேர் எதிர். சாலைதான் அங்கே எல்லாம். குளியல் ஒரு சாக்கு. 3,500 மீட்டர் உயரத்திலிருக்கும் லடாக்கின் முக்கிய நகரான லேயிலிருந்து 39 கிலோமீட்டரில் கர்துங் லா கணவாய். உச்சியிலிருக்கும் பலகை 18,380 அடி என்று பெருமையடித்துக்கொண்டது. அளந்து சொல்லப்படும் உயரம் 5,359 மீட்டர்தான், அதாவது ஏறக்குறைய 17,580 அடி. பலகையை நம்பிப் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, நானும் எடுத்துக்கொண்டேன். 24ஆவது கிலோமீட்டரில் தெற்கு புல்லு சோதனைச் சாவடி. அதன் பிறகு எங்களுக்குக் கிடைத்தது உடைந்த சாலையும், பனி உருகி ஓடும் தண்ணீரும், கடலோரத்தில் இருப்பதில் பாதியளவே காற்றழுத்தமும். கடைசி ஐந்து கிலோமீட்டரில் நூறு மிதிக்கு ஒரு முறை இறங்கி நின்றேன். பக்கத்தில் மாமா, வயது ஐம்பத்திரண்டு, ஒன்றும் பேசாமல் கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பின் நுப்ரா பள்ளத்தாக்குக்குள் இறங்கும் சுகத்தை எழுதிக் காட்ட முடியாது. கல்சாருக்கு அப்பால் ஷியோக் ஆற்றங்கரையில் வழி பிரிகிறது: ஒன்று டிஸ்கிட், ஹுண்டர் மணல்மேடுகளுக்கு, மற்றது சுமூர் வழியாகப் பனாமிக்குக்கு. ஊற்று மலைச்சரிவில் இருக்கிறது. பாறையில் செம்மையும் வெண்மையுமாகத் தாதுப்படிவு. குளிக்க ஓர் அறை, குழாய், வாளி. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் மிதித்து வந்தது இந்த வாளிக்கா என்று தோன்றியது. அதோடு முடிந்ததா? ஒகேனக்கல் கணக்கு இங்கே பல மடங்காக நிற்கிறது. திரும்ப வேண்டுமானால் கல்சாரிலிருந்து அதே கணவாய்க்கு 2,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். நாங்கள் கௌரவம் பார்க்காமல் சைக்கிள்களை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றினோம்.

ஆக என் ஓட்டு சுமதாங்குக்கு. லேயிலிருந்து சுமார் 138 கிலோமீட்டர். கரூ, உப்ஷி தாண்டி, சிந்து நதியின் கையைப் பிடித்துக்கொண்டே போகும் சாலை. கணவாய் எதுவும் கிடையாது. ஆறு எந்த வேகத்தில் இறங்குகிறதோ அந்த வேகத்தில்தான் நாம் ஏறுகிறோம். உப்ஷியில் மணாலி நெடுஞ்சாலை பிரிந்து போனதும் லாரிகள் குறைந்துவிடும். பிறகு ஊதாவும் துருவுமாக நிறம் மாறும் பாறைச் சுவர்கள், எப்போதாவது ஒரு ராணுவ வண்டி, தண்ணீர்ச் சத்தம். அவசரக்காரர்கள் இரண்டு நாளில் முடிப்பார்கள். நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். ஊற்று சாலையோரத்தில், ஆற்றை ஒட்டியே குமிழியிடுகிறது. வாளியில் பாதி ஊற்று, பாதி சிந்து. பக்கத்துச் சிறிய உணவகத்தில் நூடுல்ஸ். கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம் என்பதால் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது; குக்கர் இல்லாமல் சோறு வைக்கப் பார்த்த மாமாவுக்கு அரைவேக்காடுதான் கிடைத்தது.

குளித்துவிட்டுத் திரும்பும் வழி பெரும்பாலும் ஆற்றோடு இறக்கம். ஒரே வில்லன் பிற்பகல் எதிர்க்காற்று. விடியற்காலையில் கிளம்பிப் பகல் பன்னிரண்டுக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட வேண்டும்.

மாமா மட்டும் இன்னும் பனாமிக் கட்சிதான். "மாப்பிள்ளை, சுமதாங் போனேன் என்றால் பென்னாகரத்தில் யாருக்குத் தெரியும்? கர்துங் லா என்று சொன்னால் கடைக்குக் கூட்டம் வருகிறது" என்கிறார். வியாபாரியின் நியாயம், மறுக்க முடியவில்லை.

ஊற்று லடாக்கில் என்று முடிவானால், 500 மீட்டருக்கும் கீழே வாழும் நமக்கு லேயில் குறைந்தது இரண்டு முழு நாள் ஓய்வு வேண்டும். தலைவலியோ குமட்டலோ இருக்கும்வரை மேலே ஏறக்கூடாது. இரண்டு ஊற்றும் எல்லைப்புறப் பகுதிகளில் இருப்பதால் அனுமதி விதிகளை லேயில் இறங்கியதும் விசாரித்துக்கொள்ளுங்கள். சைக்கிளை ரயில் பார்சலில் அனுப்புவதானால் பெடலையும் கைப்பிடியையும் கழற்றி உள்ளே கட்டிவிடுங்கள். என்னுடையது போய்ச் சேர்ந்தபோது கியரைத் தாங்கும் கொக்கி வளைந்திருந்தது. மாமா ஒரு கொக்கியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.