பால்கனி என்று பணம் வாங்கி ஜன்னல் இல்லாத அறை கொடுத்த கதை: கப்பல் சுற்றுலா போகிறவர்கள் கவனத்துக்கு

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கத்தில் யாராவது சிங்கப்பூர் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் யோசனையில் இருந்தால், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2024 ஜூனில் அப்பா, அம்மா, நான், என் மனைவி என்று நாலு பேர் போய் வந்தோம். ஏஜென்சி பெயரை எழுதவில்லை, கேஸ் நடக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. இந்த மாதிரி மாடி ஆபீஸ் இப்போது ஊருக்கு நாலு இருக்கிறது.

ஆசைப்பட்டது அப்பா. எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனவர். கீழத்தஞ்சையில் வீட்டுக்கு வீடு ஒரு ரஜூலா கதை இருக்கும். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும், டெக்கில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டே வளர்ந்தவர். அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, ஜூன் 12-ல் திறக்க மாட்டார்கள் என்று பேச்சு வந்ததும், "குறுவை இல்லைன்னு ஆயிடுச்சு, ஒரு வாரம் எங்கயாவது போயிட்டு வருவோம்" என்றார். 71 வயதில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே எங்களுக்கு அதிசயம்.

ரஜூலா கதையை ஏஜென்டிடம் உளறியது நான்தான். அடுத்த நிமிஷமே அப்பா பக்கம் திரும்பி, "உங்கப்பா பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டுப் போனாரு, நீங்க பால்கனியில சாஞ்சு உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே பினாங்கு போங்கய்யா" என்றார். அதற்கு மேல் அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை.

திருச்சியிலிருந்து விமானம், சிங்கப்பூரில் ஒரு ராத்திரி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு இரவுக் கப்பல், மூன்று நாட்டு விசா, பினாங்கில் பஸ்ஸில் ஊர்சுற்றல். எல்லாம் சேர்த்து ஆளுக்கு 95,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். அதன் மேல் ஜிஎஸ்டி 19,000, டிசிஎஸ் (நம் வருமான வரிக்காக ஏஜென்ட் பிடித்துக் கட்ட வேண்டிய பணம்) 19,950. மொத்தம் 4,18,950. பாதி ரொக்கம், பாதி ஜிபேயில். ஜிபே போனது கம்பெனி கணக்குக்கு இல்லை, ஒரு பெண் பெயரில் இருந்த சொந்தக் கணக்குக்கு. பில் கேட்டேன். 'கொட்டேஷன்' என்று தலைப்பு போட்ட தாளிலேயே 'பெய்ட்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார். உரக்கடை நடத்துகிறவன் நான். ஒரு மூட்டை டிஏபி வாங்கினாலும் பில் கேட்கிறவன், இதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மலேசியா 2023 டிசம்பரிலிருந்தே இந்தியர்களுக்கு விசா கேட்கவில்லை. தாய்லாந்து அதற்கு முந்தின மாதத்திலிருந்தே கேட்கவில்லை. நாங்கள் போனபோது சிங்கப்பூருக்கு மட்டும்தான் விசா தேவைப்பட்டது, அதுவும் கப்பலில் வெளியே போய்த் திரும்பி நுழைவதால் மல்டிப்பிள் விசாவாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் போவதற்கு மூன்று நாள் முன்னால் ஆன்லைனில் நிரப்புகிற அரைவல் கார்டு முழுக்க இலவசம். அதற்கும் ஆளுக்கு 750 ரூபாய் தனியாக வாங்கினார்.

பணம் கட்டிய நாளிலிருந்து புக்கிங் நம்பர் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அது கடைசிலதாண்ணே வரும்" என்றார். இது சுத்தப் பொய். எந்தக் கப்பல் கம்பெனியானாலும் புக் செய்தவுடன் ஒரு நம்பர் விழும். அந்த நம்பரையும் நம் பெயரையும் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் போட்டால் என்ன அறை, எத்தனை பேர், எவ்வளவு பாக்கி என்று நாமே பார்க்கலாம், செக்-இன்னும் நாமே செய்யலாம். நம்பர் வராதவரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இந்தப் பதிவில் வேறெதுவும் நினைவில்லாவிட்டாலும் இது போதும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போர்டிங் பாஸ் வந்தது. அறை எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி.டி.ஒய்.' என்று மூன்று எழுத்து, பக்கத்தில் சின்னதாக 'இன்டீரியர்'. போன் செய்தேன். "ஜி.டி.ஒய்.-ன்னா கியாரண்டிண்ணே, ரூம் கியாரண்டி" என்றார். அது வாஸ்தவம். அதன் அர்த்தம் என்ன என்று கப்பலில்தான் தெரிந்தது. அறை கிடைக்கும் என்பது மட்டும்தான் கியாரண்டி. எந்தத் தளம், எந்த மூலை என்பதெல்லாம் கம்பெனி இஷ்டம். மிஞ்சியதைத் தருவார்கள், அதனால் விலை குறைவு. இன்டீரியர் என்றால் ஜன்னலே கிடையாது.

கொடுத்த தாளில் ஹார்பர்ஃபிரண்ட் என்று இருந்தது, கப்பல் கிளம்பியதோ மரீனா பே குரூஸ் சென்டரிலிருந்து. சிங்கப்பூரில் கப்பல் ஏற இரண்டு இடம் உண்டு. அங்கே வேலை பார்க்கும் சித்தப்பா மகன் போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்ததால் பிழைத்தோம். செக்-இன் மூடிவிட்டால் கப்பல் யாருக்காகவும் நிற்காது.

எங்களுக்கு மூன்றாம் தளம், அப்பா அம்மாவுக்கு எட்டாம் தளம். சேர்த்துக் கொடுங்கள் என்றாலும், காசு போட்டுப் பால்கனிக்கு மாறுகிறோம் என்றாலும் இடமில்லை. ஜூனில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை, கப்பல் நிரம்பி வழிந்தது. அந்த மாதத்தில் விலையும் ஏறிக் கிடக்கும், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். உங்களுக்கு எடுத்திருப்பதே இந்த அறைதான், விலை விவகாரம் உங்கள் ஏஜென்டோடு என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

அப்பா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிற ஆள். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கட்டில் ஓரத்தில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் கப்பலின் முகப்புக் கேமரா ஓடுகிறது. சாம்பல் நிறத்தில் கடல், மேலே கொஞ்சம் வெளிச்சம். "விடிஞ்சிருச்சு போலருக்கு" என்றார். எனக்கு அந்த ஏஜென்டின் முகம்தான் கண்முன்னே வந்தது.

கிராஜுவிட்டி என்றால் ரிடையர் ஆகும்போது நமக்குக் கிடைப்பது என்றுதான் எனக்குத் தெரியும். கப்பலில் அது நாம் கொடுப்பது. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 18 அமெரிக்க டாலர் கணக்கில் தானாக ஏறிக்கொண்டே போனது. நாலு பேர், நாலு ராத்திரி, 288 டாலர். அன்றைய மதிப்பில் 24,000 ரூபாய். வைஃபைக்குத் தனிக் காசு, பாட்டில் பானத்துக்குத் தனிக் காசு. 'எல்லாம் சேர்த்து' என்று யாராவது சொன்னால் கிராஜுவிட்டியும் துறைமுக வரியும் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடலுக்குள் போனதும் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். சாதாரண ரோமிங் பேக் கப்பலின் நெட்வொர்க்குக்குப் பொதுவாக எடுபடாது, பில் தாளிக்கும். என் மனைவியின் சின்ன இஸ்திரிப் பெட்டியை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் கொடுத்தார்கள். நெருப்புப் பயத்தால் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் விடுவதில்லை.

பினாங்கில் மதியம் இறங்கினோம். பஸ் வரும், பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அம்மா அந்தக் கொட்டேஷன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாகப் போய்ப் பார்த்தார். முக்கால் மணி நேரம். போன் செய்தால் எடுக்கவில்லை. நீடாமங்கலத்திலிருந்து வந்திருந்த இன்னொரு குடும்பமும் அதே தாளோடு அங்கே நின்றது, அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அப்புறம் ஒரு டாக்சிக்காரர் சிரித்துக்கொண்டே, "லிட்டில் இந்தியாவுக்கு எதுக்கு பஸ்ஸு, நடந்தே போங்க" என்றார். ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து பொடிநடைதான். குயின் ஸ்ட்ரீட்டில் மகா மாரியம்மன் கோவில். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்கா, நம் ஊர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. அப்பா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றார். அந்தச் சாயங்காலம் ஒன்றுக்குத்தான் கொடுத்த காசு தகும்.

புக்கெட்டில் படோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். முட்டி வலி இருக்கிற அம்மாவால் முடியவில்லை, கப்பலிலேயே இருந்துவிட்டார். பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் எந்த ஊரில் கப்பல் கரையைத் தொடும், எங்கே படகு என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்பா மட்டும் படகில் கால் வைத்ததும், "உங்க தாத்தா நாகப்பட்டினத்துல ஏறுன மாதிரியேடா" என்று சிரித்தார்.

கப்பல் பயணமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அறை சுத்தமாக இருந்தது, சைவச் சாப்பாடு மூன்று வேளையும் கிடைத்தது. அங்கே ஊற்றியதைச் சாம்பார் என்று ஒத்துக்கொள்ள அம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை.

ஊர் திரும்பி ஏஜென்டிடம் கேட்டதற்கு, "பால்கனி ஃபுல் ஆயிடுச்சுண்ணே, கம்பெனி மாத்திட்டான்" என்றார். கம்பெனிக்கு மெயில் போட்டேன். முதலிலிருந்தே இன்டீரியர் கியாரண்டியாகத்தான் புக் ஆகியிருந்தது. அதுவும் நாங்கள் காசு கொடுத்து மூன்று வாரம் கழித்து.

பெரிய அதிர்ச்சி போன வருஷம் ரிட்டர்ன் போடும்போது வந்தது. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் நம்மிடம் வாங்கும் டிசிஎஸ், நம் பான் எண்ணில் வருமான வரித்துறையில் கட்டப்பட வேண்டிய பணம். கட்டியிருந்தால், நம் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், நம் வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது ரீஃபண்டாக வாங்கலாம். ஆடிட்டர் எடுத்துப் பார்த்தார், ஒன்றுமே இல்லை. 19,950 ரூபாயை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஏஜென்டிடம் பணம் கட்டும்போது பான் எண்ணைக் கேட்கவில்லை என்றால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். என்னிடம் கேட்கவில்லை.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், ஏஜென்ட் பதிலே போடவில்லை. அப்புறம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. நோட்டீஸ் போனதும் ஆள் விட்டார், வாபஸ் வாங்கினால் 60,000 தருகிறாராம். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். பால்கனிக்கும் உள்ளறைக்கும் உள்ள வித்தியாசத்தையும் டிசிஎஸ்ஸையும் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

அந்த நீடாமங்கலம் குடும்பத்தின் போன் நம்பரை வாங்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் இதைப் படித்தால் அந்தக் கொட்டேஷன் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், 26ஏஎஸ்-ஐ இன்றே பாருங்கள். புகார் கொடுக்க இரண்டு வருஷம்தான் கெடு.