நெல்லு நிறுக்கும் டிஜிற்றல் மேடைத் தராசு: தட்டுக்குக் கீழே யார் பார்ப்பது?

மாசி, பங்குனியில் காலபோக நெல் வெட்டுத் தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கத்துப் பரந்தன், முரசுமோட்டை, உருத்திரபுரம் வயற்கரைகளில் எங்கும் இந்தத் தராசுதான் நிற்கும். 150 கிலோ வகையும் 300 கிலோ வகையும் பரவலாகக் கிடைக்கின்றன. மூடை மூடையாக நிறுப்பவருக்கு 150 தாராளம். அது பெரும்பாலும் 50 கிராம் படியில் காட்டும். 300 கிலோ வகை 100 கிராம் படியில்தான் நகரும். பின்பக்கமும் இலக்கம் தெரிகிற இரட்டை முகப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்பது கீழே.

தட்டுக்கு நடுவில், பாரத்தை உணர்ந்து சொல்லும் லோட் செல் ஒன்று இருக்கும். பாரம் முழுவதும் அதன் வழியாகவே அடிச்சட்டத்துக்கு இறங்கவேண்டும். வேறு வழியில் கொஞ்சம் இறங்கினாலும் இலக்கம் குறைந்துவிடும். வயற்கரையில் இது இரண்டு விதமாக நடக்கிறது. முகப்பைத் தாங்கும் தூணில் மூடை சாய்ந்தால், தூண் அடிச்சட்டத்தோடு பொருத்தப்பட்ட தராசுகளில் பாரத்தின் ஒரு பங்கைத் தூண் வாங்கிவிடும். மற்றது, சிந்திய நெல்லும் சிறு கல்லும் தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் போய் இறுகுவது. இரண்டிலும் நட்டம் விவசாயிக்கு, லாபம் வாங்குகிறவருக்கு. முதலாவது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதைத் தட்டைக் கழற்றினால்தான் காணலாம்.

காலையில் செய்யவேண்டியது அதிகமில்லை. தட்டைக் கழற்றிக் கூட்டுங்கள். நான்கு காலையும் திருகி, நீர்மட்டக் குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். போட்டதும் நிறுக்காமல் பத்து நிமிடம் சூடேற விடுங்கள். பிறகு முத்திரையிட்ட 20 கிலோப் படிக்கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எடை வரவேண்டும். 20 லீற்றர்க் கானில் தண்ணீர் நிரப்பிச் சரிபார்ப்பவர்கள் உண்டு. கானின் எடையைக் கழித்தாலும், நம்மூர் வெப்பத்தில் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 19.9 கிலோதான் வரும். கானின் கொள்ளளவும் அச்சொட்டாக இராது. அவசரத்துக்கு மட்டும் ஆகும்.

இலக்கம் துள்ளினால் முதலில் பற்றரி, அடுத்தது எலி கடித்த வயர். மூடையைத் தூக்கி எறிந்து வைக்கும் பழக்கம்தான் லோட் செல்லுக்கு யமன்.

இனி, சாக்குக்கும் ஈரத்துக்கும் எடையில் கழிக்கும் கழிவு. வெறும் பொலிசாக்கு நூறு கிராமைச் சுற்றித்தான் நிற்கும். அதற்கு ஒரு கிலோ கழித்தால் நூறு மூடையில் 90 கிலோ போய்விடும். ஈரத்துக்குக் கழிப்பது நியாயம்தான், ஆனால் கணக்கோடு கழிக்கவேண்டும்: 18 சதவீத ஈரத்தில் வந்த 50 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 47.7 கிலோ. வெறும் தட்டில் இலக்கம் பூச்சியமாகவும் ‘நெட்’ விளக்கு அணைந்தும் இருக்கிறதா என்று விற்கிறவர் பார்க்கவேண்டும். அந்த விளக்கு எரிந்தால் ஏதோ ஒரு எடை ஏற்கெனவே கழிபடுகிறது.

முத்திரை விஷயத்தை 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. வருடத்துக்கொரு தடவை பரிசோதிப்பித்து முத்திரை குத்தவேண்டும். ஆனால் முத்திரைக்கு மட்டும் பயப்படுகிறவரின் தராசை ஒரு பார்வையில் அடையாளம் காணலாம். முகப்பு அவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். வீதியில் ஒரு வெள்ளை ஜீப் கண்டால், பரிசோதகரோ என்று நிறுவை நிற்கும். படிக்கல் கேட்டால் கோபம் வரும். யாரும் துரத்தாமலே ஓடுகிறவன் என்று பைபிளில் நீதிமொழிகள் 28ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் சொல்வது இந்த ஆளைத்தான். அதே வசனம் நேர்மையானவனைச் சிங்கத்துக்கு ஒப்பிடுகிறது. நம் ஆட்கள் இதை மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். தராசுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது.

களவாய்க் கழித்ததில் ஒரு பங்கை வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மாளாச்சிக்கு அரிசியாய் இறக்கினால் கணக்குத் தீரும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பயத்துக்குக் கட்டுகிற கப்பம் அது. அடுத்த போகத்திலும் கட்டவேண்டி வரும்.

கடவுளை மதித்து நடக்கிற வியாபாரி தட்டைக் கழற்றிக் கூட்டுவது, ஒருவரும் வராத காலை ஆறு மணிக்கு. இறுகின நெல்லு அவருக்கே லாபம் என்று தெரிந்தும் கூட்டுகிறார். எந்தப் பரிசோதகரும் அந்த நேரத்தில் வரமாட்டார். பிறகு நாள் முழுக்க யார் எந்தக் கல்லைக் கொண்டுவந்து வைத்தாலும் அவருக்கு நெஞ்சு இடிக்காது. ஜீப் வந்தால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்.

இரட்டை முகப்பு வாங்கச் சொன்னது, விற்கிறவரும் இலக்கத்தைப் பார்க்கட்டும் என்பதற்காகத்தான். கூடுதலாகக் கொஞ்சம் காசு போகும். பின் முகப்பின் வயர் தூணுக்குள்ளால் போகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். வெளியே தொங்கினால் மூடை இழுத்து அறுத்துவிடும்.