கனடாவில் ஃபர்னஸ் மெக்கானிக் வேலை என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படிங்க

மூலக்கடை, கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ‘கனடாவில் ஹெச்.வி.ஏ.சி. டெக்னீஷியன் வேலை. டூ-ஸ்டேஜ் கேஸ் ஃபர்னஸ் பயிற்சி சென்னையிலேயே. விசா எங்கள் பொறுப்பு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஹெச்.வி.ஏ.சி. என்றால் வீட்டைச் சூடாக்கும், குளிரூட்டும் மிஷின்களின் வேலை; கேஸ் ஃபர்னஸ் என்பது குளிர் நாடுகளில் எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் மிஷின். அதை நம்பி என் அக்கா மகன் 1,40,000 ரூபாய் கட்டினான். அக்கா நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். பயிற்சியும் பொய், விசாவும் பொய்.

நான் இதே பக்கத்தில் ஏ.சி. சர்வீஸ் செய்பவன். பையன் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. “மாமா, ஃபர்னஸ் நடத்துறாங்க, நீங்களும் பாருங்க” என்று ஆசையாக நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். நோட்டில் இருந்தது இதுதான்: ‘டூ-ஸ்டேஜ் என்றால் முதல் ஸ்டேஜ் கூலிங், இரண்டாவது ஸ்டேஜ் ஹீட்டிங். கோடையில் கேஸ் குறைவாக எரியும், குளிர்காலத்தில் அதிகமாக எரியும். கேஸ் குறைந்தால் ஆர்-410ஏ நிரப்ப வேண்டும்.’

ஆர்-410ஏ என்பது ஏ.சி.யில் குளிரூட்ட ஓடும் கேஸ். படித்ததும் வயிறு எரிந்தது. இதில் ஒரு வரிகூடச் சரி கிடையாது. இதை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு பிள்ளை அங்கே போய் எரிவாயு ஓடும் மிஷினைத் திறந்தால் உயிரே போகலாம். தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோகப் பாகத்தில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக் காற்றில் கலந்துவிடும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிற குடும்பம் எழுந்திருக்காது.

சரியான விஷயத்தை எழுதுகிறேன். கம்பெனிகள் வெளியிடும் இன்ஸ்டலேஷன் மேனுவல் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ‘எந்த வரிசையில் இயங்கும்’ என்று ஒரு பகுதி இருக்கும். பையனும் நானும் உட்கார்ந்து அதைத்தான் வரி வரியாகப் படித்தோம்.

ஃபர்னஸ் என்பது சூடு கொடுக்க மட்டுமே உள்ள மிஷின். இரண்டு ஸ்டேஜும் சூட்டுக்குத்தான். வீட்டு அடுப்பை சிம்மில் வைப்பதும் முழுசாகத் திருப்புவதும் போல, லோ ஸ்டேஜில் முழுத் திறனில் சுமார் 65 முதல் 70 சதவீதம்தான் எரியும். பெரும்பாலும் கடும் குளிர் நாட்களில்தான் ஹைக்குப் போகும். சாதாரணக் குளிருக்கு லோவிலேயே நீண்ட நேரம் ஓடுவதால் அடிக்கடி ஆன்-ஆஃப் ஆகாது, வீடு முழுக்கச் சூடு சீராகப் பரவும், சத்தமும் குறைவு. அதற்காகத்தான் இரண்டு ஸ்டேஜ் வைக்கிறார்கள்.

அறையின் வெப்பத்தைப் பார்க்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டு 24 வோல்ட் சிக்னல் அனுப்பியதும் கேஸ் உடனே திறந்துவிடாது. முதலில் இன்டியூசர் என்கிற சின்ன ஃபேன் சுற்றி, உள்ளே மிச்சமிருக்கும் புகையை வெளியே தள்ளும். புகைபோக்கியில் இழுப்பு சரியாக இருந்தால்தான் பிரஷர் ஸ்விட்ச் ஆன் ஆகும். பிறகு தீ மூட்டும் இக்னைட்டர் தணல் மாதிரி சிவக்கும். அதற்கப்புறம்தான் கேஸ் வால்வ் திறந்து பர்னர் பற்றும். தீ உண்மையிலேயே பற்றியிருக்கிறதா என்று ஃப்ளேம் சென்ஸர் பார்க்கும். தீ வழியாக ஓடும் மைக்ரோஆம்பியர் அளவு மின்சாரம் கிடைக்காவிட்டால் சில நொடிகளில் கேஸை மூடிவிடும். அந்தச் சென்ஸர் கம்பியில் படிவு பிடித்து, ஃபர்னஸ் பற்றிப் பற்றி அணைவது அங்கே மிகச் சாதாரணமான பழுது. பயிற்சி கொடுப்பதாகச் சொல்பவருக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தீ பற்றியதும் வீட்டுக் காற்றைத் தள்ளும் ப்ளோயர் உடனே ஓடாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூடேறச் சிறிது நேரம் விட்டுத்தான் ஓடும், இல்லாவிட்டால் அறைக்குள் குளிர்காற்று அடிக்கும். லோ போதாதபோது தெர்மோஸ்டாட் இரண்டாவது ஸ்டேஜைக் கேட்கும். ஒரே ஸ்டேஜ் தெர்மோஸ்டாட் மாட்டிய வீடுகளில் ஃபர்னஸின் எலக்ட்ரானிக் போர்டில் இருக்கும் டைமரே சில நிமிடங்கள் கழித்து ஹைக்கு மாற்றிவிடும். அப்போது இன்டியூசரும் வேகமெடுக்கும், கேஸ் வால்வும் முழுசாகத் திறக்கும், ப்ளோயரும் வேகம் கூடும். தேவையான சூடு வந்ததும் தீ அணையும். ஆனாலும் உள்ளே தங்கிய சூட்டை வெளியேற்ற ப்ளோயர் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

இனி கூலிங். இந்த இடத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்றுக்காரர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கூலிங் ஓடும்போது பர்னர் எரியாது, இக்னைட்டர் சிவக்காது, கேஸ் வால்வ் மூடியே இருக்கும். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் யூனிட்தான் குளிரூட்டுகிறது, நம்ம ஊர் அவுட்டோர் மாதிரியே. ஃபர்னஸிலிருந்து பயன்படுவது ப்ளோயரும் அதை ஓட்டுகிற போர்டும்தான். காற்று மேல்நோக்கிப் போகும் வகை ஃபர்னஸில் கூலிங் காயில் (குளிரூட்டும் குழாய்ச் சுருள்) அதன் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். காயிலைக் கடந்த குளிர்ந்த காற்று ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல் பட்டு, ஈரம் படிந்து துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக அந்த வரிசை. கூலிங்குக்குப் பொதுவாக ப்ளோயர் வேகமும் அதிகம் வேண்டும், ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி (சி.எஃப்.எம்.) காற்று. ஆர்-410ஏ ஓடுவது அந்தக் காயிலிலும் கம்ப்ரஸரிலும்தான். ஃபர்னஸில் எரிவது குழாயில் வரும் இயற்கை எரிவாயு, சில இடங்களில் புரொப்பேன். இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பையனோடு அந்த மையத்துக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. சுவரில் மாட்டிய பழைய ஸ்பிளிட் ஏ.சி., ஒரு கேஸ் சிலிண்டர், ஃபர்னஸின் படம் ஒட்டிய ஒரு போர்டு. ஃபர்னஸ் எங்கே என்று பயிற்சி நடத்துபவரிடம் கேட்டேன். துறைமுகத்தில் கஸ்டம்ஸில் நிற்கிறது, அடுத்த பேட்சுக்கு வந்துவிடும் என்றார். பையனுக்கு முன் படித்தவர்களுக்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். “கூலிங் போட்டா பர்னர் என்ன சார் பண்ணும்?” என்று கேட்டேன். “சிம்மில் எரியும்” என்றார். பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். மார்கழியிலும் ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற ஊர் இது. யார் வீட்டிலும் ஃபர்னஸ் கிடையாது, யாரும் கண்ணால் பார்த்ததும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள்.

அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் அங்கே செல்லவே செல்லாது. ஒன்டாரியோ மாகாணத்தில் கேஸ் சாதனத்தில் கை வைக்க டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பின் சான்று வேண்டும். ஜி-3 என்ற ஆரம்பநிலைச் சான்று வைத்திருப்பவர் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். அடுத்த நிலையான ஜி-2 வந்தால் மணிக்கு 4,00,000 பி.டி.யு. (சூட்டின் அளவு) வரையுள்ள சாதனங்களைத் தனியாகப் பார்க்கலாம். கூலிங் பக்கம் வேலை செய்ய 313ஏ அல்லது 313டி என்று தனி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் குளிரூட்டும் கேஸைக் கையாள அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வின் 608 சான்று கட்டாயம். மாடி அறையில் லேமினேட் செய்து கொடுக்கும் காகிதத்தை வைத்து இதில் எதையும் தாண்ட முடியாது.

விசா விஷயத்துக்கு வருகிறேன். கனடா முதலாளி வெளிநாட்டு ஆளை எடுக்க எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதி வாங்குவார். ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர் கட்டணம், அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. பையனிடம் வாங்கியதில் பாதி ‘எல்.எம்.ஐ.ஏ. கட்டணம்’ என்று வாயால் சொல்லி வாங்கியது. ரசீதில் மட்டும் முழுத் தொகையும் ‘பயிற்சிக் கட்டணம்’. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “நாங்க ஏஜென்ட் இல்ல, ட்ரெய்னிங்தான் குடுத்தோம்” என்று அந்த ரசீதைத்தான் நீட்டினார்கள்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு செய்யாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடினாலே தெரிந்துவிடும். பதிவு பெற்றவர்களே ஆனாலும் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 35,400-க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. நாங்கள் தேடியபோது இந்த மையத்தின் பெயர் பட்டியலில் இல்லை.

வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப் பிரிவுக்கு மனு எழுதிவிட்டோம். வாட்ஸ்அப்பில் விசா பற்றி அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் குரல் பதிவையும் எடுத்து இணைத்திருக்கிறோம், ‘வெறும் பயிற்சிதான்’ என்ற பேச்சை உடைப்பது அதுதான். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து கேளுங்கள்.

இதே மாதிரி பணம் கட்டிவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். என் அக்கா மகனோடு படித்தவர்களே பலர் வாய் திறக்கவில்லை. அவர்களைத் திட்டாதீர்கள். போனில் உள்ள சாட்டை அழிக்க விடாதீர்கள். ரசீது, பணம் அனுப்பிய விவரம், குரல் பதிவு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அடுத்த மனுவை எல்லாரும் சேர்ந்து கொடுக்கலாம்.